பதினெட்டு பேரின் வாக்கு

அத்தியாயம் 11

காலை ஒன்பது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டாவது வாக்கு விழுந்தது.

பன்னிரண்டும் 'ஆம்'. ரூக்சார் மடிக்கணினியை மூடவில்லை. இனிமேல் தானாக ஒரு வாக்கும் விழாது என்று அவளுக்குத் தெரியும். வேண்டியது பதினாறு. வாக்கெடுப்பு மாலை ஆறரைக்கு முடியும்.

அவளுடைய இரண்டு பைகள் ஹாலில் டிவி மேஜைக்குக் கீழே இருந்தன. கோவிலம்பாக்கத்திலிருந்து அவற்றைத் தூக்கிக்கொண்டு இரும்புலியூருக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. கணவன் இர்ஷாத் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. பதினான்கு மாதமாக அவளிடம் பேசவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஃபோனில் செய்தி அனுப்புவான். 'தண்ணீர் கேன் வந்துள்ளது.' 'பின்கதவு திறந்திருக்கிறது.' அவள் பையோடு செருப்பு மாட்டியபோதும் ஒரு செய்தி வந்தது. 'நாளை மின்தடை.'

தம்பி தௌசிபிடம் உண்மையைச் சொன்னாள். அத்தாவிடம், கணவன் ஹைதராபாத் போயிருக்கிறான் என்றாள். அத்தா ஜமால் சரி என்றார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தௌசிபின் மனைவி கைக்குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து வருகிறாள். துணைக்கு அவளுடைய அம்மாவும் வருகிறார். இரண்டு அறையும் ஒரு ஹாலும் உள்ள வீடு. ஞாயிற்றுக்கிழமைக்குள் ரூக்சார் வேறு இடம் பார்த்தாக வேண்டும். அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே இடம் பீர்க்கன்கரணை வீட்டின் மாடி அறை.

அந்த வீடு முப்பத்தொரு பேருக்குச் சொந்தம். ஜமாலின் தகப்பனார் அதை விற்கக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். குடும்பத்தில் கஷ்டப்படுகிற எவரும் மாடியில் ஓராண்டு தங்கலாம். யார் கஷ்டப்படுகிறவர் என்று யார் முடிவுசெய்வது? இந்தக் கேள்வியில் குடும்பம் ஆறு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருவர் தலைவராக இருப்பதை இன்னொருவர் ஒப்புக்கொள்ளவில்லை.

தலைவர் இல்லாமல் ஓர் அமைப்பை நடத்தும் கருவிகளைச் செய்கிற பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு ரூக்சார் உதவிப் பக்கங்கள் எழுதுகிறாள். வீட்டிலிருந்தே வேலை. அந்தக் கருவிகளை வைத்து மூன்று வருடத்துக்கு முன் தன் குடும்பத்துக்கும் ஒரு சபை அமைத்தாள். விதிகளை முதலிலேயே கணினி நிரலில் எழுதிவிட வேண்டும். கோரிக்கை வரும். உறுப்பினர்கள் ஃபோனில் வாக்களிப்பார்கள். பதினாறு 'ஆம்' சேர்ந்தால் மாடி அறைப் பூட்டின் எண் விண்ணப்பித்தவருக்குத் தானாகப் போய்விடும். சேராவிட்டால் யார் கெஞ்சினாலும் போகாது. அதே ஆள் மறுபடி விண்ணப்பிக்க ஓராண்டு ஆக வேண்டும்.

மூன்று விதிகளை அவளே யோசித்துச் சேர்த்தாள். விண்ணப்பிப்பவரின் பெயர் வராது, எண் மட்டும் வரும், யாரும் கூசவேண்டாம். அறையில் தங்கப்போகிறவர்கள், ஒருவரானாலும் குடும்பமானாலும், வாக்களிக்கக்கூடாது. மற்றவர்கள் அவர்களிடம் ஒப்படைத்த வாக்கும் சேராது.

மூன்றாவது விதியை எழுதியபோது யாரும் யாரிடமும் வாக்கை ஒப்படைத்திருக்கவில்லை.

பிறகு தௌசிபின் நிக்காஹ் வந்தது. மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவர் ஃபோனிலும் செயலியை ஏற்றிக் கொடுத்தாள். ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் எழுதிய தாள் ஒன்று. ஃபோன் மாறினால் அந்த வார்த்தைகள்தான் சாவி. பந்தி ஓடிக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் பசி. "என்னோடத நீயே போட்டுடும்மா" என்று முதலில் சொன்னவர் யாரென்று நினைவில்லை. வரிசையில் அடுத்தவரும் அதையே சொன்னார். அன்று மாலைக்குள் பதினெட்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

இன்றைய கோரிக்கை ஒரே வரி. 'மாடி அறை, உறுப்பினர் எண் 22, ஓராண்டு.'

இருபத்திரண்டு ரூக்சார்.

தௌசிப் ஏசி சர்வீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். திரையைப் பார்த்தான்.

"இன்னாக்கா, பன்னண்டுலயே நிக்குது?"

"அவ்வளவுதான் வரும். மிச்சம் பதினெட்டும் என்கிட்ட இருக்கு. ஒண்ணும் செல்லாது."

"உம்மேல நம்பிக்கை வெச்சுக் குடுத்தது செல்லாதா?"

"அதான் செல்லாது."

"எவன் எழுதின ரூலு இது?"

"நான்தான்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சரி, மாத்திடு. ரூல் மாத்த மூணு சாவில ரெண்டு போதும். உன்கிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு. பத்து நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போகுது?"

"யார் மாத்தினது, எத்தனை மணிக்கு, எல்லாம் அதுல நிக்கும். அழிக்க முடியாது."

"யாருக்கா அதைத் தொறந்து படிக்கப்போறாங்க? ஓட்டையே உன்கிட்ட குடுத்துட்டு பிரியாணி சாப்பிடப் போனவங்க."

"போன வருஷம் ஷம்ஷாத் அண்ணிக்கு மாத்த மாட்டேன்னு சொன்னேன்."

தௌசிப் பையைக் கீழே வைத்தான்.

"இப்ப இன்னா பண்ணப்போற?"

"நாலு பேர் அவங்க ஓட்டை என்கிட்டருந்து திரும்ப எடுக்கணும். எடுத்து அவங்களே போடணும். ஆறரைக்குள்ள."

"ஏன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

அவன் ஃபோனை எடுத்துக் கொஞ்ச நேரம் தடவினான். 'திரும்ப எடு' என்ற பொத்தானை அவள் காட்டினாள். திரையில் பதின்மூன்று ஆனது.

"பேஜாரான ஆப்புக்கா இது" என்றான். "அத்தாகிட்ட வாங்கிட்டியா?"

"அவரு வீட்லதான இருக்காரு. கடைசில வாங்கிக்கறேன்."

ஜமால் பால்கனியில் உட்கார்ந்து ஜும்ஆ தொழுகைக்குப் போட்டுப்போகும் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். குரோம்பேட்டை தோல் கம்பெனியில் முப்பது வருடம் கட்டிங் மாஸ்டர். ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேவையில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ரூக்சார் ஒரு தாளில் பெயர்களை எழுதி மேலிருந்து கூப்பிட ஆரம்பித்தாள்.

துபாயிலிருக்கும் பெரியப்பா மகன் மீட்டிங்கில் இருந்தார். "உம்மேல நம்பிக்கை இருக்கும்மா, நீயே பாத்துக்க" என்று வைத்துவிட்டார். அடுத்தவர் இரண்டு ஃபோன் மாற்றியிருந்தார். பன்னிரண்டு வார்த்தைத் தாள் எங்கே என்று கேட்டதற்கு, "எந்தத் தாளு?" என்றார். மூன்றாவது ஆள், "அந்தச் சபை இன்னும் நடக்குதா?" என்று சந்தோஷப்பட்டார். பதினோரு மணிக்குள் ஒன்பது பேரைக் கூப்பிட்டுவிட்டாள். ஒன்பது பேரும் அவளை நம்பினார்கள்.

'ஒருவரிடமே அதிக வாக்குகள் சேர விடாதீர்கள். அந்த ஒருவர் இல்லாத நாளில் அமைப்பு நின்றுவிடும்.' கம்பெனியின் உதவிப் பக்கத்தில் இருக்கிறது. அவள் எழுதியது. போர்ச்சுகலிலிருந்து ஒருவர் படித்துவிட்டு நன்றி சொல்லியிருந்தார்.

அத்தாவின் அக்கா குல்ஷன் மாமி பெருங்களத்தூரில் தனி ஃபிளாட்டில் இருக்கிறார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இன்னாடி ரூக்கு, வெள்ளிக்கெழமை காலைல? மாப்ள நல்லா கீறாரா?"

"மாமி, பீர்க்கன்கரணை வீட்டு ஓட்டு ஒண்ணு இருக்கு. இந்தத் தடவை நீங்களே போடணும்."

"உன்கிட்டதான குடுத்துட்டேன். நீ போடேன்."

"நான் போட முடியாது மாமி."

"ஏன், கையெல்லாம் மருதாணியா?"

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடியது. நின்றது.

"யாருடி அந்த இருவத்திரண்டு?"

"நான்தான் மாமி."

ஒன்பது நாளில் அவள் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். ஓர் எண்ணைப் பற்றிச் சொல்வதுபோல எளிதாக இருந்தது.

"எத்தினி நாளா?"

"ஒன்பது."

"ஜமாலுக்குத் தெரியுமா?"

"அவர் எதுவும் கேக்கல."

"அவன் கேக்க மாட்டான். பொண்டாட்டி மவுத்தானப்பவே எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. தையல் மெஷினத் தொடச்சுகினு உக்காந்திருந்தான்." மாமி மூச்சு விட்டார். "சரி. எதை அமுக்கணும், சொல்லு."

அமுக்கினார். பதினான்கு.

"அடுப்புல வேலை கீது. ஃபோன வைம்மா, அஞ்சு நிமிஷத்துல கூப்புடறேன்."

கூப்பிடவில்லை. அரை மணி கழித்து ரூக்சாரே கூப்பிட்டாள். மாமி வேறொரு அழைப்பில் இருந்தார். ஒரு மணிக்கும் வேறொரு அழைப்பில் இருந்தார்.

அதன் பிறகு ரூக்சாரின் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. மூன்று வருடமாகப் பேசாதவர்கள் பேசினார்கள். நிஜமா என்றார்கள். என்ன ஆச்சு என்றார்கள். குழந்தை இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஒருவர் சொன்னார். வாக்கைப் பற்றி அவள் கேட்டதும் எல்லோரும் ஒன்றுபோலப் பதில் சொன்னார்கள்.

"ஓட்டா? இவரைக் கேட்டுட்டுச் சொல்றேனே."

இரண்டரைக்கு அவள் புர்காவை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பட்டியலின் கடைசியில் ஒரு பெயர் மிச்சம் இருந்தது. அதை ஃபோனில் கேட்க முடியாது.

தாம்பரத்தில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினாள். வெள்ளிக்கிழமைச் சந்தைக்கான கூட்டம் நடைமேடையிலிருந்தே தொடங்கியிருந்தது. பழைய மிக்ஸி, பூந்தொட்டி, ஒற்றைக் கதவு பீரோ. எல்லோர் கையிலும் ஏதோ ஒன்று வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் ஓரமாக நடந்தாள்.

ஷம்ஷாத் சந்துக்குள் ஒரே அறையில் இருந்தாள். பெரியப்பாவின் இளைய மருமகள். கணவன், மாமியார், அவள், மோட்டார் வைத்த தையல் மெஷின். கணவனும் மாமியாரும் டாக்டரிடம் போயிருந்தார்கள். தரையில் நைட்டித் துண்டுகள் மலைபோல் கிடந்தன. ரூக்சாரைப் பார்த்தும் அவள் மெஷினை நிறுத்தவில்லை.

"ஒக்காரு. அந்தத் துணியத் தள்ளிட்டு ஒக்காரு."

ரூக்சார் உட்கார்ந்தாள்.

"மாமி ஃபோன் பண்ணாங்க" என்றாள் ஷம்ஷாத். "காலைலருந்து ஊருக்கே பண்ணிகினு கீறாங்க."

"எனக்கு ரெண்டு ஓட்டு குறையுது அண்ணி."

"எனக்கு நாலு கொறஞ்சுது."

போன வருடம் கடன்காரர்கள் வீட்டைக் காலிசெய்ய வைத்தபோது ஷம்ஷாத் விண்ணப்பித்தாள். அப்போதும் பன்னிரண்டு வாக்குகள் விழுந்தன. மிச்சமெல்லாம் ரூக்சார் கையில் இருந்தன. ரூக்சார் டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எழுந்து ஃபோனைப் பார்த்தபோது நேரம் முடிந்து நாலு மணிநேரம் ஆகியிருந்தது.

"நாங்க மூணு பேரும் தங்கறவங்க. எங்க ஓட்டு அப்பவே போச்சு" என்றாள் ஷம்ஷாத். "உன் கையில இருந்ததுதான் மிச்சம். நீ படுத்துகினு இருந்த. சரி, ஒடம்பு. யார் இன்னா பண்ண முடியும். அடுத்த நாள் ஃபோன் பண்ணி, ஒரு நாள் நீட்டிக் குடுன்னு கேட்டேன். இன்னா சொன்ன?"

"ரூல மாத்த முடியாதுன்னு சொன்னேன்."

"முடியாதுன்னா சொன்ன? மாத்த மாட்டேன்னு சொன்ன."

"ஆமா. மாத்த மாட்டேன்னுதான் சொன்னேன்."

மெஷின் ஓடியது. நைட்டியின் ஒரு கை தைத்து முடிந்தது. ஷம்ஷாத் நூலைப் பல்லால் கடித்தாள்.

"இப்ப உனக்கு மாத்திட்டியா?"

"இல்ல அண்ணி. மாத்தியிருந்தா இங்க வந்திருக்க மாட்டேன்."

ஷம்ஷாத் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். முப்பத்தொரு பேரில் தாளைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் எத்தனை பேரோ.

"ஃபோன் மாத்திட்டேன். இத மொதல்லருந்து போடணும்ல?"

"பன்னண்டு வார்த்தையும் போடணும். ஸ்பெல்லிங் மாறக்கூடாது. அந்தத் தாளை நான் பார்க்கக்கூடாது."

"எனக்கு இங்கிலீஷு எழுத்து ஒண்ணொண்ணாதான் வரும்."

"பரவாயில்ல. நான் திரும்பிக்கறேன்."

ரூக்சார் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சுவரில் ஒரு மருந்துக் கடைக் காலண்டர். முதுகுக்குப் பின்னால் ஷம்ஷாத் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அமுக்கினாள். தப்பாகப் போனால் உச்சுக்கொட்டுவாள். நாலாவது வார்த்தையில் தொடக்கத்துக்கே போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தாள். சந்தைச் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது. ரூக்சார் காலண்டரில் தேதிகளைப் படித்தாள். அந்த அறையில் வேறு ஒரு மனுஷி தனக்காக ஏதோ செய்துகொண்டிருக்கிறாள். அதைப் பார்க்க அவளுக்கு அனுமதியில்லை. அப்படி ஏற்பாடு செய்தவளும் அவளேதான்.

நாற்பது நிமிடம் ஆனது.

"வந்துடுச்சு" என்றாள் ஷம்ஷாத்.

'திரும்ப எடு.' பிறகு, 'ஆம்.' பதினைந்து.

ரூக்சார் எழுந்தாள். புர்காவில் ஒட்டிய நூல்களைத் தட்டிவிட்டாள்.

"அந்த மாடில தண்ணி வருதா?" என்றாள் ஷம்ஷாத்.

"வருது."

"சாயங்காலத்துல ஏரிக் காத்து வரும்னு சொன்னாங்க. நான் அங்க ஏறிப் பாத்ததே இல்ல."

அவள் மெஷினில் உட்கார்ந்து அடுத்த துணியை எடுத்தாள்.

பல்லாவரத்தில் இரண்டு ரயில்களில் ஏற முடியவில்லை. ரூக்சார் இரும்புலியூர் வீட்டுப் படி ஏறும்போது மணி ஆறு பதினாறு.

வீட்டில் இடம் மாறியிருந்தது. அத்தாவின் அறையில் புதிய தொட்டில் நின்றது. கட்டிலில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை. அத்தாவின் சட்டைகள், தலையணை, மருந்து டப்பா எல்லாம் ஹாலில் ஒரு நாற்காலிமேல் இருந்தன. அவளுடைய இரண்டு பைகளுக்குப் பக்கத்தில்.

ஜமால் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஃபோன்.

"பன்னண்டு வார்த்தைத் தாள் எங்க அத்தா?"

"அது வேணாம். தௌசிப் ஜும்ஆ முடிஞ்சு வந்து காட்டிக் குடுத்தான். ஓட்டைத் திரும்ப எடுத்தாச்சு."

திரையைக் காட்டினார். 'ஆம்' ஒரு பொத்தான். 'இல்லை' ஒரு பொத்தான். மேலே சின்ன எழுத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்று நிமிடம்.

"அப்ப போட்டுடுங்க."

அவர் போடவில்லை.

"இர்ஷாத் ஹைதராபாத்லருந்து எப்ப வர்றான்?"

ரூக்சார் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"அவர் அங்க போகல அத்தா."

"தெரியும். முந்தாநேத்து எனக்கு ஃபோன் பண்ணான். கேஸ் சிலிண்டர் புக்கை எங்க வெச்சன்னு உன்னைக் கேட்டுச் சொல்லச் சொன்னான்."

"நீங்க கேக்கலையே."

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

வெளியே ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

"அங்க தனியாவா இருப்ப?"

"ஆமா. கீழ் வீட்ல வாடகைக்கு ஆள் இருக்காங்க. பயமில்ல."

"நான் பயத்தைக் கேக்கல."

பதினொரு நிமிடம்.

"அத்தா, நேரம் ஆகுது."

"ஞாயித்துக்கிழமைலருந்து எனக்கு ஹாலு" என்றார் ஜமால். குறைசொல்லும் குரலில்லை. துணியின் அளவைச் சொல்வதுபோலச் சொன்னார். "தௌசிப் மேல தப்பில்ல. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. நடுராத்திரி நான் இருமினா எல்லாரும் முழிப்பாங்க. சம்பந்தியம்மா வேற ஹாலுக்கு வர சங்கடப்படுவாங்க."

ரூக்சார் அவர் முகத்தைப் பார்த்தாள். அம்மா போன இரண்டு வருடத்தில் அவர் இத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் பேசி அவள் கேட்டதில்லை.

அவர் கட்டைவிரல் 'ஆம்' மேல் நின்றது. கட்டிங் மாஸ்டரின் விரல். தொடவும் இல்லை, விலகவும் இல்லை.

"அமுக்குங்க அத்தா. ஒண்ணுதான் குறையுது."

ஜமால் விரலை எடுத்துவிட்டார். ஃபோனைத் தொடைமேல் வைத்தார்.

"ரூக்கு, நானும் உங்கூட அங்க வந்துட்டா, என் ஓட்டு செல்லுமா?"